பாலிஷ் கூடத்தில் கற்பூரம் ஏற்றுவதில்லை

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து மூன்று பேர் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்திருந்தார்கள். பக்கத்தில்தானே இருக்கிறார் என்று, நான் இப்போது தங்கியிருக்கும் என் மகள் வீட்டுக்கும் ஒரு எட்டு வந்தார்கள். மூவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து ஒருவன் கேட்டான்.

"சார், ஆயுத பூஜைக்கு எல்லா டிபார்ட்மென்ட்லயும் கற்பூரம் காட்றாங்க. பாலிஷ் கூடத்துல மட்டும் பேட்டரி விளக்கக் காட்றாங்க. யாரோ கிறிஸ்டியன் சார் ஒருத்தரு சண்டை போட்டு நிறுத்திட்டதா சொல்றாங்க. அது நீங்கதானா?"

நான்தான். ஆனால் கதை பாதிதான் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதுவும் எனக்குக் கெட்ட பெயர் தருகிற பாதி. மீதியை நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

செய்யூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. படித்து, தகரத்தை வெட்டவும் மடிக்கவும் கற்றுக்கொண்டு, காற்றுக் குழாய் மாட்டுகிற காண்டிராக்டர்களிடம் வேலை பார்த்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற பாதிக் கம்பெனிகளின் கூரையில் தொங்கியே என் வாலிபம் கழிந்தது. பிறகு படாளம் பக்கம் ஓர் அலுமினிய கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக நிரந்தரமானேன். டூ வீலருக்கான உதிரி பாகங்களை வார்த்து, மினுக்கி அனுப்புகிற கம்பெனி அது.

மினுக்குகிற இடம்தான் பாலிஷ் கூடம். வரிசையாக ஆறு மேசை. மேசைக்கு மேசை ஒரு துணிச் சக்கரம் சுற்றும். அதில் பாகத்தை வைத்து அழுத்தினால் சாம்பல் மாதிரி மெல்லிய அலுமினியத் தூசி பறக்கும். அதைப் பிடிக்கச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கூண்டு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதை நாங்கள் "வாய்" என்றே சொல்வோம். ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு கிளைக் குழாய் மேலே ஏறி, கூரையோரம் ஓடுகிற பெரிய குழாயில் சேரும். பெரிய குழாயின் ஒரு கோடியில், சுவருக்கு வெளியே, ஃபேன். அதுதான் அத்தனை வாய்க்கும் மூச்சு.

ஆறு வாயும் ஒரே அளவாக இழுக்கும் என்று நினைத்தால் ஏமாந்தோம். காற்றைப் போலச் சோம்பேறி கிடையாது. சுலபமான வழி எதுவோ அதில்தான் போகும். ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கிற முதல் மேசைக்கு வழி குறைச்சல், உரசலும் குறைச்சல். ஆறாவது மேசையிலிருந்து வருகிற காற்று முழு நீளக் குழாயையும் உரசிக்கொண்டு வர வேண்டும். இது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்த விஷயமில்லை. தலைமடைக்காரன் மடையை அகலத் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால்தான் கிளைக் குழாய்களில் நகர்த்துகிற தகடு ஒன்று வைப்பார்கள். முதல் மேசைக்குப் பாதிக்கு மேல் மூடி, அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவாக மூடி, அப்படியே போய்க் கடைசி மேசைக்கு முழுக்கத் திறந்து விடுவது. முன்னால் இருப்பவர்களை வேண்டுமென்றே கொஞ்சம் நெருக்கினால்தான் பின்னால் இருப்பவருக்கு மூச்சு வரும்.

இந்தக் கணக்கைக் கூடத்தில் போட்டவர் வசந்தா மேடம். திருக்கழுக்குன்றத்துக்காரர், என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், எங்கள் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். அவரிடம் "நல்லா இழுக்குது மேடம்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"நல்லான்னா எவ்வளவு?"

"நல்லா... ஜோரா இழுக்குது மேடம்."

"ஜோரா எவ்வளவு, ஆரோக்கியம்?"

அந்த "எவ்வளவு"க்குப் பயந்தே எனக்குத் தொழில் வந்தது. குழாயில் சின்ன ஓட்டை போட்டு, ரப்பர் டியூபைச் செருகி, மறுமுனையில் வளைந்த கண்ணாடிக் குழாயில் சாயத் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று பார்ப்போம். ஒரு தகட்டை நகர்த்தினால் ஆறு இடத்திலும் மறுபடி பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒன்றைத் தொட்டால் மற்ற ஐந்தும் மாறும். முடிந்ததும் ஓட்டைகளை ரப்பர் மூடியால் அடைத்து, தகடு நிற்கிற இடத்தில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போடச் சொல்வார். நான் கோடு போட்ட பிறகு அவரே விரலை வைத்துப் பார்ப்பார். பாராட்டு என்று ஒன்று கிடையாது. "அடுத்தது" என்பார், அவ்வளவுதான்.

அலுமினியத் தூசி என்ன செய்யும் என்பதையும் அவர்தான் காட்டினார். ஒரு நாள் ஷெட்டுக்கு வெகுதூரம் தள்ளி, வெட்டவெளியில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, நீளமான குழாயின் நுனியில் ஒரு சிட்டிகை தூசியை வைத்துத் தீயின் மேல் ஊதினார். வெள்ளை வெளேரென்று ஒரு பந்து கிளம்பியது. நான் இரண்டடி பின்னால் தாவிவிட்டேன். "சும்மா படிஞ்சு கிடந்தா தூசி. காத்துல கலந்து, கூடவே ஒரு பொறியும் கிடைச்சா, அது வேற" என்றார். "குழாய்க்குள்ள காத்து வேகமா போனாத்தான் தூசி நிக்காம வெளிய போகும். வேகம் குறைஞ்சா வழியிலேயே உட்கார்ந்துடும். நம்ம தலைக்கு மேல." வெளியே போகிற தூசியைப் பிடிக்கத் தனித் தொட்டி இருந்தது. தலைக்கு மேல் உட்கார்வதைப் பிடிக்க எதுவும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பெரிய குழாய்க்குக் கீழே நடக்கும்போதெல்லாம் என் கண் தானாக மேலே போகும்.

இந்தக் கணக்குப் பிடிக்காதவர் ஒருவர் இருந்தார். முதல் மேசை முனுசாமி, பாலிஷ்காரர்களுக்கெல்லாம் மேஸ்திரி. கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். என்னைவிட மூத்தவர், ஆனால் அங்கே எல்லோரும் எல்லோருக்கும் "அண்ணாத்த"தான்.

"இன்னா அண்ணாத்த, ஃபேன் பக்கத்துல குந்திகினு கீறது நானு. எனுக்கு எதுக்கு பாதி மூடி வெச்சிகீறீங்க? ஊருக்குள்ளாற இருக்கற தூசியெல்லாம் நான் துன்னணுமா?"

"உனக்கு வேணுங்கறது வருது. அதுக்கு மேல வந்தா அது கடைசி மேசைக்காரனோட காத்து."

"கடைசி மேசக்காரன் இன்னா ஒன் மச்சானா?"

இப்படி எங்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் தகட்டைத் தள்ளுவார், நான் கோட்டுக்குக் கொண்டு வருவேன். கோடு இருந்தவரை யார் தள்ளினாலும் சரிசெய்ய முடிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் மகளின் பிரசவத்துக்காக லீவு போட்டேன். மேடத்தை வேறு யூனிட்டில் மெஷின் இறக்குகிற வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். பூஜையன்று காலையில்தான் நான் திரும்பிப் போனேன். எங்கள் வீட்டில் பூஜை கிடையாது என்றாலும் கம்பெனியில் ஒரு வருஷம்கூட நான் விட்டதில்லை. குடும்பங்களெல்லாம் வரும், பொரி, சுண்டல், ஸ்வீட் பாக்கெட் எல்லாம் உண்டு. வீட்டுக்கு எடுத்துப் போகாவிட்டால் என் மனைவி சும்மா விடமாட்டாள்.

பாலிஷ் கூடத்தில் நுழைந்ததும் ஒரு நிமிஷம் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டோமா என்று நினைத்தேன். மேசை, வாய், கிளைக் குழாய் எல்லாவற்றுக்கும் புதுப் பச்சை பெயின்ட். வாய்களில் மாவிலை, சந்தனம், குங்குமம். முனுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றிருந்தார்.

"எப்டி கீது நம்ம கூடம்? நாங்களே லீவு நாள்ல வந்து அடிச்சது."

நான் தகடுகளைப் பார்த்தேன். சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. பெயின்ட் அடிக்கத் தகடுகளைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டும்போது ஆறையும் முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். முழுக்கத் திறந்தால் நல்லதுதானே என்று. அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே வேலையும் நடந்திருக்கிறது.

அடுத்து தரையைப் பார்த்தேன். அந்தக் கூடத்தின் தரையை நான் அவ்வளவு சுத்தமாகப் பார்த்ததே இல்லை. மேசையடியில், மூலையில், சன்னல் விளிம்பில் எப்போதும் கிடக்கிற தூசி எதுவும் இல்லை.

"இவ்வளவு தூசியையும் எங்க கொட்டினீங்க?"

"கொட்றதா? கூடயே வோணாம் அண்ணாத்த. நேத்து வேல முடியசொல்ல ஃபேன் ஓடிகினு இருந்துச்சில்ல, எல்லாத்தையும் பெருக்கி அந்தக் கடைசி வாய்ல தள்னோம். முழுங்கிடுச்சி."

முன்வாய்கள் எல்லாம் அகலத் திறந்து காற்றை வாரிக் குடித்திருக்கின்றன. கடைசியில் இழுவையே இருந்திருக்காது. ஒரு வருஷத் தூசியை அந்தக் கடைசி வாயில் கொட்டியிருக்கிறார்கள். முழுங்கியது சரி. எங்கே போயிற்று?

ஏணியைப் போட்டு ஏறினேன். கடைசி மேசைக்கு மேலே, பெரிய குழாயின் பக்கவாட்டில், சுத்தம் பார்க்க ஒரு சின்னக் கதவு உண்டு. மெதுவாகத் திறந்து கையை விட்டேன். மணிக்கட்டைத் தாண்டிப் புதைந்தது. மாவு மூட்டைக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. ஒரு துளி காற்று அடித்தாலும் கிளம்பிவிடுகிற மாவு.

கதவை மூடிவிட்டு வெளியே வெகுதூரம் வந்து மேடத்துக்கு போன் போட்டேன். அவர் வீட்டுப் பூஜையில் இருந்தார்.

"மேடம், கடைசிப் பக்கம் மெயின் குழாயில தூசி படிஞ்சிருக்கு."

"எவ்வளவு?"

"மணிக்கட்டுக்கு மேல."

அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "ஃபேன் ஓடுதா?"

"இல்ல. நேத்து நிறுத்தினது."

"போடக் கூடாது. போட்டா அந்த உதறல்லயே அவ்வளவும் கிளம்பும். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுங்க. சாவி உங்க பையில இருக்கட்டும், யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. உள்ள ஒரு நெருப்பு இருக்கக் கூடாது. ஆளுங்களை வெளிய கொண்டு வாங்க. கத்தாதீங்க. யாரும் ஓடக் கூடாது. நான் வர்றேன்."

எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் நான் ஏன் பயந்தேன் என்பது புரியும். குருக்கள் கற்பூரத் தட்டோடு மேசை மேசையாகப் போவார். கடைசி மேசையில் வாய்க்கு நேராகத் தட்டைச் சுற்றும்போது மணி அடிப்பார்கள். மணி அடித்ததும் பச்சை பட்டனை அமுக்கி ஃபேனை ஓடவிட வேண்டும். அதாவது நெருப்பும் ஃபேனும் ஒரே நேரத்தில், தூசி குவிந்து கிடக்கிற அதே இடத்தில். பட்டனை அமுக்குகிற பெருமை ஒவ்வொரு வருஷமும் ஒருவர் வீட்டுக் குழந்தைக்கு. அந்த வருஷம் முனுசாமிக்குக் காலம் கடந்து பிறந்த மகள் தேவிக்கு. பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, சரியாக அந்தக் குழாய்க்குக் கீழே, சுவரில் பட்டன் பக்கத்தில் அவள் காலையிலிருந்தே காவல் நின்றிருந்தாள்.

வாசலில் முதலாளியைப் பிடித்துச் சொன்னேன். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல நேரம் போய்விடும் என்கிற அவசரத்தில் இருந்தார்.

"பத்து நிமிஷ பூஜைப்பா. முடிஞ்சதும் பிரிச்சுப் பார்த்துக்கலாம். இன்னிக்குப் போயி ஏதாவது சொல்லிக்கிட்டு."

அவரோடு வாதாட நேரமில்லை. சுவரைச் சுற்றிப் பின்னால் ஓடினேன். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினேன். அதற்கும் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தபோது கூடம் நிறைய ஜனம். குருக்கள் நான்காவது மேசையில் இருந்தார். தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

நெருப்பு என்று கத்தினால் அவ்வளவு பேரும் ஒரே கதவுக்கு ஓடுவார்கள். தட்டை வாங்கி வெளியே கொண்டு போகலாம் என்றால், அந்தத் தட்டை நான் தொட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நேராகப் போய்க் கடைசி மேசையின் வாய்க்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

ஐந்தாவது மேசையை முடித்துக்கொண்டு குருக்கள் வந்தார். "கொஞ்சம் தள்ளிக்கோப்பா."

நான் நகரவில்லை. அதற்குள் எவனோ அவசரக்காரன் மணியை அடித்துவிட்டான். மணிச் சத்தம் கேட்டதும் முனுசாமி, "அமுக்கு கண்ணு!" என்றார். தேவி இரண்டு கையாலும் பட்டனை அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் மறுபடி அமுக்கினாள். மறுபடியும். ஃபேன் சத்தம் வருமென்று எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் "நல்ல நாளும் அதுவுமா" என்றாள். பூட்டுவதற்குக் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது.

"நான்தான் பூட்டினேன்" என்றேன்.

முனுசாமி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "இன்னாடா நென்ச்சிகினு கீற? உன் சாமி வேற, என் சாமி வேற. உன் கோயில்ல வந்து நான் வத்திய அணைச்சனா? வருசத்துக்கு ஒரு நாளு, எம் பொண்ணு அழுவுது, பார்றா! சாவியக் குடு!"

இருபது வருஷம் ஒன்றாக டீ குடித்த மனிதர். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று குத்தியது. இப்போது நினைத்தாலும் குத்துகிறது. என் வலது கையைத் தூக்கிக் குருக்களிடம் காட்டினேன். மணிக்கட்டுக்கு மேல்வரை வெள்ளி பூசினது போல் இருந்தது.

"சாமி, இந்தத் தூசி மேல குழாய் பூரா கிடக்கு. நாம எல்லாம் அதுக்குக் கீழ நிக்கிறோம்."

அவர் கையைப் பார்த்தார். மேலே குழாயைப் பார்த்தார். "எரியுமோ?"

"எரியாது சாமி. வெடிக்கும்." மெல்லத்தான் சொன்னேன், அவருக்கும் முனுசாமிக்கும் மட்டும் கேட்கிற மாதிரி.

முனுசாமியின் பிடி தளர்ந்தது தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. அவர் பார்வை பட்டன் பக்கம் நின்ற மகள் மேல் இருந்தது.

அந்தக் குருக்களுக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவன். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டை மார்போடு அணைத்து, இன்னொரு கையைத் தீபத்துக்கு மறைப்பாகக் குவித்துக்கொண்டு, கணீரென்று மந்திரத்தை ஆரம்பித்தார். அப்படியே திரும்பி வாசலை நோக்கி நடந்தார். ஓடவில்லை, நின்று நின்றும் போகவில்லை. தீபம் போகிற திசையில் நம் ஜனம் தானாகப் போகும். கை கூப்பியவர்கள், குழந்தையைத் தூக்கியவர்கள், முதலாளி, அத்தனை பேரும் அவர் பின்னாலேயே வரிசையாக நடந்து வெளியே போனார்கள். எதற்குப் போகிறோம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. முனுசாமி மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கடைசியாகப் போனார். நான் அந்த வாயை விட்டு முதுகை எடுத்தபோது என் சட்டையில் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

பூசணிக்காயைக் கேட்டுக்கு வெளியே ரோட்டில் உடைத்தார்கள். அதற்குள் மேடம் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார், பட்டுப் புடவையும் காலில் சேஃப்டி ஷூவுமாக. முதலாளி கோபமாக ஏதோ ஆரம்பித்தார்.

"சார், அந்தக் குழாயைத் திறந்து காட்டுறேன். பார்த்துட்டு என்னை வேலையை விட்டு எடுக்கணும்னா எடுங்க" என்றார் மேடம்.

மறுநாள் திறந்தோம். உரசிப் பொறி கிளப்புகிற எதுவும் கூடாது என்று, இரும்புக் கரண்டி கூடாது, பிளாஸ்டிக் வாளி கூடாது, நைலான் சட்டை கூடாது. தென்னை நார் பிரஷ்ஷும் மரக் கரண்டியும் வைத்து, தூசி எழும்பாமல், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நிதானத்தில் அள்ளினோம். அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. முனுசாமி யாரும் கூப்பிடாமலே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிறைந்த வாளியைக் கீழே இறக்கும்போதெல்லாம் வாங்கினார். சாயங்காலம் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, "இத்தினியுமா அதுக்கு மேல இருந்துச்சி?" என்றார். பட்டன் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

மேடம் ஆறு மேசையையும் மறுபடி அளந்தார். இந்த முறை பெயின்ட் கோடு இல்லை. தகடுகளை அளவான இடத்தில் வைத்து, இனி யாரும் நகர்த்த முடியாதபடி ரிவெட் அடித்துவிடச் சொன்னார். முதல் மேசைத் தகட்டுக்கு ரிவெட் அடிக்க நான் போனபோது, முனுசாமி தானே தகட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷப் பூஜைக்கு, பாலிஷ் கூடத்துக்கு மட்டும் வாசலிலேயே தீபம் காட்டிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். முனுசாமிக்கு மனசு ஆறவில்லை. பூஜைக்கு முன்தினம் செய்யூருக்குப் பஸ் ஏறி என் வீடு தேடி வந்தார். வந்தவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஊதிக்கொண்டே இருந்தார்.

"அண்ணாத்த, சோறு போட்ற மிஷினு உள்ள கீது. நாம வெளிய நின்னுகினு கும்பிட்டா நல்லாவா கீது?"

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

"கிறிஸ்மஸுக்கு உங்க வூட்டுக் குடில்ல ஒரு பேட்டரி மெழுவத்தி வெப்பியே, தீ மாரியே ஆடிகினு இருக்குமே. அது கீதா?"

என் மனைவி பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினாள். பேட்டரி மாற்றிப் போட்டுப் பார்த்தோம், எரிந்தது. மறுநாள் மேடம் அதை வாங்கி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிக் குப்பிக்குள் வைத்துக் கொடுத்தார். குருக்கள் அதைத் தட்டில் வைத்து ஒவ்வொரு வாய்க்கும் காட்டினார். மாட்டுத் தொழுவத்தில் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் எரிகிற விளக்கு, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு ஆறு மேசையையும் சுற்றி வந்தது.

மணி அடித்தார்கள். தேவி மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையசைத்ததும் பட்டனை அமுக்கினாள். ஃபேன் எழுந்தது. நான் கடைசி வாயின் முன்னால் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நூல் நிமிர்ந்து உள்பக்கம் இழுபட்டது.

முதல் மேசையிலிருந்து முனுசாமி கத்தினார். "கடைசி மேசைக்கு இழுக்குதா அண்ணாத்த?"

"நல்லா இழுக்குது!"

"நல்லான்னா எவ்ளோ?"

வசந்தா மேடம் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வந்திருந்த பையன்களிடம் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை, அவர்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த விளக்கு நன்றாக எரிகிறதா என்று மட்டும் கேட்டேன். எரிகிறது என்றார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் மனைவி குடிலை ஜோடித்துவிட்டு, அந்த இடம் காலியாக இருக்கிறதே, அந்த மெழுகுவர்த்தியை எப்போது திருப்பித் தருவார்கள் என்று கேட்பாள். நான்தான் ரிட்டயர் ஆகிவிட்டேன், அது இன்னும் டியூட்டியில் இருக்கிறது என்பேன்.